மேன் மார்க்கிங் (ஒருத்தன புடிக்கவே ஒருத்தன விடறது) போட்டா ஆள் நிப்பான் சரி, ஓட்டை எங்க விழுது?

மொதல்ல பிரச்சனைய சொல்லிடறேன். என் மாமா பையன் பெஸ்ங்கற ஃபுட்பால் வீடியோ கேம் ஆடும்போது ஒரே ஒரு வேலைதான் பண்ணுவான். அவன் சிஎஃப், அதாவது சென்டர் ஃபார்வர்ட், முன்னாடி நிக்கவே மாட்டான், எறங்கி எறங்கி நடு கிரவுண்டுக்கு வந்து பந்த வாங்கிட்டு அப்டியே திரும்புவான், கோலுக்கு முன்னாடி நிக்கற என் ரெண்டு சென்டர் பேக்கும் பஸ் ஸ்டாப்ல எந்த பஸ்ல ஏறறதுன்னு தெரியாதவங்க மாதிரி முழிச்சிட்டு நிப்பாங்க, அதுக்குள்ள ஓரத்துல ஆடற அவன் விங்கர் ஓடிடுவான், கோல். இதே கோல எத்தன தடவ வாங்கிருப்பேன்னு எண்றதையே விட்டுட்டேன். வாரத்துக்கு ரெண்டு ராத்திரி அல்சூர்ல அவன் ரூம்லதான் ஆட்டம், தோத்தவன் கீழ போயி எல்லாருக்கும் பரோட்டா வாங்கிட்டு வரணும், மூணு மாசமா பெரும்பாலும் நான்தான் போறேன், கடைக்காரர் என்னப் பாத்ததும் எத்தன பார்சல்னு கூட கேக்கறதில்ல.

யாரோ சொன்னாங்க, டைட் மார்க்கிங் போடு, அவன் சிஎஃப் மேல பசை மாதிரி ஒட்டிக்கும்னு. போட்டேன். அன்னிக்கு 3-0 ஜெயிச்சேன், பரோட்டா அவன் வாங்கிட்டு வந்தான், நானும் மருந்து கெடச்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன். அடுத்த வாரம் அதே செட்டிங், அதே டீம், அஞ்சு மேட்ச், அஞ்சும் போச்சு. அப்பதான் உறைச்சுது, அந்த மொத 3-0க்கும் மார்க்கிங்குக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருந்துச்சா, இல்ல அன்னிக்கு அவன் தூக்கக் கலக்கத்துல ஆடினானா, எதுவுமே நான் பாக்கல. ஸ்கோர மட்டும்தான் பாத்தேன்.

அதனால இந்த வேலைய ஒழுங்கா பண்ணுவோம்னு உக்காந்தோம். ஒரு டிஃபெண்டருக்கு கேம்ல ஒரு தனி வேலை குடுத்தா உண்மையில என்ன மாறுது, அத எப்டி டெஸ்ட் பண்றது, இதான் விஷயம்.

எங்க லேப் பெஸ் 2021. கொனாமி 2020 செப்டம்பர்ல விட்டது, பெஸ்ங்கற பேர்ல வந்த கடைசி கேம் அதுதான். அடுத்த வருஷம் செப்டம்பர் 30 ஈஃபுட்பால்னு பேர மாத்தி ஃப்ரீயா விட்டாங்க, மொத நாள் பிளேயருங்க மூஞ்சியெல்லாம் கோணிக்கிட்டு வந்து ஊரே சிரிச்சது ஞாபகம் இருக்கும். ரெண்டுலயுமே ஆளுக்குத் தனியா குடுக்கற கட்டளைக்கு மொத்தம் நாலே நாலு எடம்தான், அட்டாக்குக்கு 2, டிஃபென்ஸுக்கு 2. பதினோரு பேருக்கும் பாடம் எடுக்க முடியாது, பக்கத்துக்கு ரெண்டே பேரு. இதுவே ஒரு பெரிய விஷயம், ஒண்ண போட்டா இன்னொண்ண எடுக்கணும்.

டைட் மார்க்கிங்ல நீங்க எதிர் டீம்ல ஒருத்தன காட்டுவீங்க, அவன நம்மாளு நெருக்கிக்கிட்டே இருப்பான், ஆனா நம்மாள்ல யாருங்கறத நீங்க சொல்றதில்ல, யாரு கிட்ட இருக்கானோ அவன். ஈஃபுட்பால்ல இதோட மேன் மார்க்கிங்னு இன்னொண்ணும் இருக்கு, அதுல ஜோடி சேத்து விடலாம், என் 6 நம்பர் உன் 10 நம்பர அப்டின்னு. ஈஃபுட்பால் டீப் லைன்னா நீங்க காட்டின ஆள் டிஃபென்ஸ் நேரத்துல இன்னும் கீழ எறங்கி நிப்பான், பேக் லைனுக்கு முன்னாடி நிக்கற மிட்ஃபீல்டர், அதாவது டிஎம்எஃப்க்கு போட்டா கிட்டத்தட்ட மூணாவது சென்டர் பேக் ஆயிடுவான். கவுன்டர் டார்கெட்னா நேர் எதிர், டிஃபென்ஸ் பண்ணவே வராம மேலயே நிப்பான்.

இதுல நெறைய பேரு குழம்பற ஒரு எடம் இருக்கு. டிஃபென்ஸிவ்னு ஒரு கட்டளை இருக்கே, அது டிஃபென்ஸ் பக்கத்துல இருக்காது, அட்டாக் பக்கத்துல இருக்கும். ஏன்னா அது வேலை செய்யறது பந்து நம்ம கைல இருக்கும்போது. வலது ஓர டிஃபெண்டர் ரைட் பேக்குக்கு டிஃபென்ஸிவ் போட்டா அவன் டேக்கிள்ல எந்த மாற்றமும் இருக்காது, நாம அட்டாக் பண்ணும்போது அவன் மேல ஓடாம பின்னாடி நிப்பான், அவ்ளோதான். பந்து போற அந்த நொடியில அவன் எங்க நிக்கறாங்கறதுதான் லாபம். இத தெரியாம அந்த செட்டிங்க போட்டுட்டு எதிராளி செட் ஆகி பாஸ் ஆடும்போது என் ரைட் பேக் இன்னும் மொக்கையா இருக்கானேன்னு திட்டினா அது அவன் தப்பு இல்ல. ஒரு கட்டளைய டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி அது எந்த நேரத்துல உயிரோட இருக்குங்கறது தெரியணும், மத்த நேரத்துல நடக்கறத கணக்குல சேக்கக்கூடாது.

இப்ப கொஞ்சம் நிஜ ஃபுட்பால். எண்பதுகளோட கடைசில மிலான் டீம வெச்சு 1989லயும் 1990லயும் ஐரோப்பியன் கப் அடிச்ச அரிகோ சாக்கி தன் டிஃபெண்டருங்களுக்கு நாலு விஷயத்த பாத்து நிக்கச் சொன்னாரு: பந்து, எடம், எதிராளி, கூட ஆடறவன். இந்த நாலும் ஒரே நேரத்துல. அதுக்கு முன்னாடி இத்தாலில பழக்கம் என்னன்னா ஆளுக்கு ஒரு ஆள், அவன் கக்கூஸ் போனாலும் நீயும் போ, மிச்சம் வர்றத பின்னாடி ஒரு லிபெரோ நின்னு பெருக்கிடுவான். சாக்கி அத கவுத்துட்டாரு.

கேம்ல கம்ப்யூட்டர் ஓட்டற ஏஐ டிஃபெண்டர் பண்றத இந்த நாலு விஷயத்த வெச்சுப் பாத்தா பளிச்சுன்னு புரியும். எந்த கட்டளையும் இல்லன்னா அவன் நாலையும் கொஞ்சம் கொஞ்சம் பாத்து நிப்பான், பந்து வலது பக்கம் போனா லைனோட சேந்து வலது பக்கம் நகருவான், பக்கத்து ஆள் வெளிய போனா உள்ள சாய்வான். டைட் மார்க்கிங் போட்ட உடனே எதிராளிங்கற ஒண்ணு மட்டும் பூதாகரமா ஆயிடுது, மத்த மூணும் சுருங்கிடுது. டீப் லைன் போட்டா எடம்ங்கறது பெருசாயிடுது. புதுசா எந்தத் திறமையும் வரல, இருக்கற கவனத்த ஒரு பக்கமா இழுத்து விட்டிருக்கோம், இழுத்த பக்கம் கெட்டியாகும், விட்ட பக்கம் கிழியும். ஆக டெஸ்ட்ல கேக்க வேண்டிய கேள்வி அவன் ஆள புடிச்சானாங்கறது இல்ல, அதான் பட்டன அமுக்கினாலே புடிப்பானே. அவன் புடிக்கப் போனப்ப காலியான எடத்துக்கு யார் வந்தா? இந்த ஒரு கேள்விதான்.

எங்க அம்மா வீடு கௌதம்புரா. பெங்களூரு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், அல்சூர் பக்கம், தமிழ்க்காரங்க தெரு, மினி பிரேசில்னு பேரு, அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா செலைங்களோட பெலேவுக்கும் செலை வெச்ச ஊரு. அங்க கிரவுண்ட்ல சாயந்தரம் பசங்கள ஆட விடற ஒரு பெரியவர் இருந்தாரு, நான் பேக்ல ஆடும்போது எதிர்ல இருக்கற ஃபார்வர்ட் பின்னாடியே ஓடுவேன், கோல் வாங்கினதும் கிட்ட வந்து "டேய் தம்பி, அவன் உன்ன மேய்க்கறானா நீ அவன மேய்க்கறியா"ன்னு கேப்பாரு. அப்ப புரியல, அடி வாங்கின மாதிரி இருக்கும். இருவது வருஷம் கழிச்சு கன்ட்ரோலர கைல வெச்சிட்டு டிவி முன்னாடி உக்காந்து புரியுது.

எறங்கற ஃபார்வர்ட் பிரச்சனைக்கு இதவிட பெரிய உதாரணம் 1974 வேர்ல்ட் கப் ஃபைனல். மியூனிக், ஜூலை 7, மேற்கு ஜெர்மனி நெதர்லாந்து. நெதர்லாந்து நட்சத்திரம் கிராய்ஃப புடிக்க ஜெர்மன் டிஃபெண்டர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ விட்டாங்க. ஆட்டம் ஆரம்பிச்ச உடனே கிராய்ஃப் என்ன பண்ணாரு, தன் டீம்லயே ஆகப் பின்னாடி வந்து பந்த வாங்கினாரு, ஃபோக்ட்ஸும் கூடவே வந்தாரு, அங்கேர்ந்து ஒரே ஓட்டம், ஃபோக்ட்ஸ தாண்டி பாக்ஸ் வரைக்கும், ஜெர்மனியோட ஹோனெஸ் தட்டி விட்டாரு, பெனால்டி, நீஸ்கென்ஸ் கோல். ஜெர்மன்காரன் ஒருத்தன் கூட அது வரைக்கும் பந்தத் தொடல. அப்புறம் பாக்கி மேட்ச் பூரா ஃபோக்ட்ஸ் கிராய்ஃப நல்லா அடக்கி வெச்சாரு, ஜெர்மனி 2-1 ஜெயிச்சது, அது வேற கதை. ஒரே மேட்ச்ல, ஒரே ஜோடி, ரெண்டு விதமான ரிசல்ட். இத ஸ்கோர் மட்டும் பாத்து மேன் மார்க்கிங் ஜெயிச்சதுன்னு எழுதினா அந்த பெனால்டிய எங்க வெக்கறது?

கிட்டத்துலயும் இருக்கு. கோச் பியெல்சாவோட லீட்ஸ் கிரவுண்ட் முழுக்க ஆளுக்கு ஆள் புடிக்கற டீம், 2020 டிசம்பர் 20 மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபோர்ட் போனாங்க, யுனைடெட் மிட்ஃபீல்டர் மெக்டொமினே பின்னாலேர்ந்து ஓடி வந்து மூணு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல், லீட்ஸ் 6-2 தோத்தாங்க. ஆளுக்கு ஆள் ஆட்டத்துல ஒருத்தன் ஒரு அடி பின்தங்கினா அவனுக்கு பின்னாடி யாருமே இல்ல, எல்லாரும் வேற வேற ஆள புடிச்சிட்டு இருக்காங்க. அதே ஆளுக்கு ஆள் ஆட்டத்த வெச்சு கோச் கஸ்பெரினியோட அடலான்டா 2024 மே மாசம் டப்ளின்ல லெவர்குசன 3-0 சாத்தி யூரோப்பா லீக் எடுத்தாங்க, லுக்மன் ஹாட்ரிக். அதனால இது நல்ல ஐடியாவா கெட்ட ஐடியாவான்னு சண்ட போடறதுல அர்த்தம் இல்ல.

சரி, டெஸ்டுக்கு வருவோம். மொத தப்பு என்ன பண்ணோம்னா கோல எண்ணினோம். பத்து மேட்ச் மார்க்கிங் இல்லாம, பத்து மார்க்கிங்கோட, எவ்ளோ கோல் வாங்கினேன். கேக்க நல்லா இருக்கு, ஆனா கணக்கு போட்டுப் பாத்தா சிரிப்பு வரும். ஒரு மேட்ச்சுக்கு சராசரியா 2 கோல் வாங்கறேன்னு வெச்சுக்கங்க, பத்து மேட்ச்ல 20. இப்ப எந்த செட்டிங்கையும் தொடாம இன்னொரு பத்து ஆடினா சரியா 20 வராது, கோல் மாதிரி எப்பவாச்சும் விழற விஷயம் சும்னே அதிர்ஷ்டத்துலயே அதோட ஸ்கொயர் ரூட் அளவுக்கு மேலயும் கீழயும் ஆடும், 20க்கு அது சுமார் 4.5. அதாவது 16 வந்தாலும் 24 வந்தாலும் எதுவுமே மாறலன்னுதான் அர்த்தம். மார்க்கிங் போட்டதால 2 கோல் 1.6 ஆச்சுன்னா அது பெரிய லாபம், அஞ்சுல ஒரு பங்கு கொறையுது, ஆனா அத அதிர்ஷ்டம் இல்லன்னு ஓரளவு நம்பிக்கையோட சொல்லவே ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 90 மேட்ச் வேணும். மொத்தம் 180. மேட்ச்சுக்கு கால் மணி நேரம்னா 45 மணி நேரம். எனக்கு வேலை இருக்கு, அவனுக்கு கல்யாணம் வேற வருது.

அதனால எண்றத மாத்தினோம். கோல் அபூர்வம், ஆனா அவன் சிஎஃப் எறங்கி வந்து பந்து வாங்கறது ஒரு மேட்ச்ல எத்தனையோ தடவ நடக்கும். அந்த ஒவ்வொரு தடவையும் மூணு விஷயம் மட்டும் பேப்பர்ல கோடு போட்டோம், வாங்கினானா, வாங்கினவன் கோல் பக்கம் திரும்பினானா, திரும்பினப்ப என் பேக் லைன்ல ஆள் இல்லாத எடம் இருந்துச்சா. மூணாவது கட்டம்தான் முக்கியம், அத கண்ணால பாத்து சொல்றது கஷ்டம், அதுக்கு ஸ்கிரீன்ல கீழ வர்ற குட்டி மேப், ரேடார். அவன் பந்து வாங்கற நொடில ஆட்டத்த நிறுத்தி, ரேடார்ல இருக்கற புள்ளிங்கள போன்ல ஃபோட்டோ எடுத்துக்கிட்டோம். கேலரி முழுக்க பச்சை கட்டமும் புள்ளியுமா கெடக்கு, என் தங்கச்சி பாத்துட்டு என்னடா இது ஜாதகமான்னு கேட்டா.

கேமராவும் இதுல சேத்தி. வழக்கமா ஆடற கேமரா பந்து பின்னாடியே போகும், பந்து இல்லாத எடத்துல என்ன கிழியுதுங்கறது ஸ்கிரீனுக்கு வெளிய நடக்கும். கன்டீரவா ஸ்டேடியத்துல பெங்களூரு எஃப்சி மேட்ச் பாத்தவங்களுக்கு இது புரியும், சுத்தி ஓட்டப்பந்தய டிராக் இருக்கறதால பிளேயருங்க தூரமா சின்னதா தெரிவாங்க, டிவில பாக்கற மாதிரி கால் வித்தையெல்லாம் தெரியாது, ஆனா மேல உக்காந்தா பேக் லைன் மொத்தமா ஒரு கயிறு மாதிரி தெரியும், எங்க அறுந்துச்சுன்னு பந்து அங்க போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கேம்லயும் கேமராவ ஆன மட்டும் அகலமா வெச்சுக்கங்க, ரீப்ளேல கேமராவ நம்ம இஷ்டத்துக்கு நகத்தலாம், அதுல பந்து இருக்கற பக்கத்த விட்டுட்டு எதிர்ப் பக்கம் பாருங்க.

மத்த செட்டிங்கெல்லாம் பூட்டி வெச்சோம். ரெண்டு டீமுக்கும் கண்டிஷன் நார்மல், இல்லன்னா ஒரு நாள் மேல்நோக்கி அம்பு ஒரு நாள் கீழ்நோக்கி அம்புன்னு அதுவே ரிசல்ட்ட மாத்திடும். இஞ்சுரி ஆஃப். மழை வேண்டாம். மொத்த டீமும் எப்டி நிக்கணும்னு சொல்ற டிஃபென்ஸிவ் லைன், காம்பாக்ட்னெஸ், கன்டெய்ன்மென்ட் ஏரியா இந்த மூணையும் டெஸ்ட் முடியற வரைக்கும் தொடக்கூடாதுன்னு சத்தியம். இதுல நான் ஒரு தடவ மார்க்கிங் போட்டதோட லைனையும் ரெண்டு புள்ளி கீழ எறக்கிட்டேன், ரிசல்ட் சக்கத்தா வந்துச்சு, அப்புறம் பாத்தா எதனால வந்துச்சுன்னு சொல்ல முடியல, ரெண்டு ராத்திரி பேப்பர கிழிச்சுப் போட்டோம். அதுக்கப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணுதான்.

எண்றதும் ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டும்தான், செகண்ட் ஹாஃப்ல ஆள் மாறும், ஸ்டாமினா கரையும், தோத்துட்டு இருக்கறவன் ஆட்டமே வேற மாதிரி ஆயிடும்.

இன்னொரு திருட்டுத்தனம் நம்ம மனசுல இருக்கு. மார்க்கிங் போட்டிருக்குன்னு எனக்கு தெரிஞ்சா நான் தைரியமா மேல ஏறி ஆடறேன், போடலன்னு தெரிஞ்சா பயந்து பின்னாடி நிக்கறேன். அப்ப டெஸ்ட் ஆகறது மார்க்கிங் இல்ல, என் தைரியம். ரூம்ல இருக்கற மூணாவது பையன்கிட்ட வேலைய குடுத்தோம், நாங்க ரெண்டு பேரும் பால்கனில நிப்போம், அவன் உள்ள ஒரு ரூபா காச சுண்டி தலை விழுந்தா போடுவான், பூ விழுந்தா போட மாட்டான், தனி நோட்ல குறிச்சுப்பான், எங்களுக்கு சொல்ல மாட்டான். ரொம்ப ஓவரா இருக்கேன்னு தோணும். ஆனா இத பண்ணதுக்கு அப்புறம்தான் பேப்பர்ல இருக்கற கோடுங்க நம்பற மாதிரி இருந்துச்சு. மாமா பையன் மட்டும் ஒரு மேட்ச்ல நடுவுல கத்தினான், "டேய் இந்த தடியன் ஏண்டா என் பின்னாடியே வர்றான், எனக்கு கடன் ஏதாச்சும் இருக்கா"ன்னு. அன்னிக்கு ரகசியம் போச்சு.

இதெல்லாத்தையும் விட பெரிய ஓட்டை ஒண்ணு இருந்துச்சு, அத நாங்க ரெண்டாவது வாரம்தான் கண்டுபுடிச்சோம். கர்சர், அதாவது இப்ப நாம ஓட்டற ஆள் யாருன்னு காட்டற குறி. டைட் மார்க்கிங்கோ டீப் லைனோ எதுவா இருந்தாலும் அது ஏஐ கைல இருக்கற ஆளுக்குத்தான். நீங்க எந்த நிமிஷம் அந்த டிஃபெண்டர் மேல கர்சர கொண்டு போறீங்களோ அந்த நிமிஷம் கட்டளை செத்துப் போச்சு, இனி அவன் நீங்க தள்ளற பக்கம் போவான். நான் என்ன பண்ணிட்டிருந்தேன், மார்க்கிங் போட்டுட்டு அந்த சென்டர் பேக்கையே எடுத்து நானே தொரத்திட்டு இருந்தேன். அஞ்சு மேட்ச் தோத்ததுல பாதி என் கையால தோத்தது, கட்டளைக்கு வேலை செய்யற வாய்ப்பே குடுக்கல.

அதுக்கு வழி, கர்சர் மாத்தறத முழு மேனுவலா வெச்சுட்டு, கர்சர என் ஃபார்வர்ட் மேல விட்டுட்டு கன்ட்ரோலர டேபிள்ல வெச்சிட்டேன். இப்ப என் டீம்ல பத்து பேரும் ஏஐ, மாமா பையன் மட்டும் ஆடறான், நான் பேப்பரும் பேனாவுமா பாக்கறேன். டீப் லைன், டிஃபென்ஸிவ் மாதிரி எதிர்ல ஆள காட்ட வேண்டாத கட்டளைங்கள ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர ஆட விட்டு சூப்பர்ஸ்டார் லெவல்லயும் பாத்தோம், அது இன்னும் நிம்மதி, யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க.

இனி பாத்தது. சென்டர் பேக் கிட்ட இருக்கும்போது டைட் மார்க்கிங் விழுந்தா, சிஎஃப் எறங்க எறங்க அவனும் கூடவே வெளிய வர்றான். பந்து வாங்கறது கொறையல, திரும்பறது நல்லாவே கொறஞ்சுது, முதுகுல ஒருத்தன் ஏறிட்டு இருந்தா யாரு திரும்புவா. இது வரைக்கும் சந்தோஷம். மூணாவது கட்டத்தப் பாத்தா வயித்தக் கலக்குது, அந்த சென்டர் பேக் விட்டுட்டு வந்த எடத்துக்கு லெஃப்ட் பேக் உள்ள வரணும், வர்றதில்ல, அவன் விங்கரப் பாத்துட்டு வெளியவே நிக்கறான், இன்னொரு சென்டர் பேக் கொஞ்சம் சாயறான், பத்தல. மாமா பையன் இத மோப்பம் புடிச்சதும் சிஎஃப்கிட்ட பந்தே குடுக்காம அவன தூண்டில் புழு மாதிரி எறக்கி விட்டுட்டு நேரா விங்கருக்கு த்ரூ பால் போட ஆரம்பிச்சான். நான் தோத்த அஞ்சு மேட்ச்ல மிச்சப் பாதி இதான். பெரியவர் கேட்டாரே மேய்க்கறதப் பத்தி, அதேதான்.

அப்ப மார்க்கிங் தப்பான்னா இல்ல, தப்பான ஆள் போறான். ஈஃபுட்பாலுக்கு மாறி மேன் மார்க்கிங்ல டிஎம்எஃப்ப அந்த சிஎஃப் கூட ஜோடி சேத்தோம். இப்ப காலியாகற எடம் பேக் லைன்ல இல்ல, லைனுக்கு முன்னாடி. அங்க விழற ஓட்டைல ஒருத்தன் பந்து வாங்கினாலும் அவனுக்கும் கோலுக்கும் நடுவுல நாலு பேர் இன்னும் வரிசையா நிக்கறாங்க. தூரத்துலேர்ந்து அடிப்பான், சில சமயம் உள்ள போகும், போகட்டும். லைனுக்குப் பின்னாடி விழற ஓட்டையும் முன்னாடி விழற ஓட்டையும் ஒண்ணு இல்ல.

டிஎம்எஃப்லயும் எந்த டிஎம்எஃப்ங்கறது இருக்கு. ஆங்கர் மேன் ஸ்டைல் இருக்கறவன் தன் எடத்துலயே நங்கூரம் போடற ஆளு, அவன மார்க்கிங்குக்கு அனுப்பறது வாட்ச்மேன டெலிவரிக்கு அனுப்பற மாதிரி, போவான், ஆனா கேட்டு தொறந்து கெடக்கும். டெஸ்ட்ராயர் ஸ்டைல் ஆளு இதுக்கு பொருத்தமா இருந்தான், அவன் எப்டியும் ஓடி விழுந்து புடுங்கறவன்தான், கூட இன்னொரு மிட்ஃபீல்டர் பின்னாடி நின்னா போதும். அந்த இன்னொருத்தனுக்கு ரெண்டாவது டிஃபென்ஸ் கட்டளையா டீப் லைன் போட்டுப் பாத்தோம், ஓட்டை நல்லா அடைஞ்சுது, ஆனா பந்த ஜெயிச்ச உடனே முன்னாடி பாஸ் குடுக்க ஆள் இல்ல, எல்லாரும் என் பாக்ஸ் வாசல்ல ரேஷன் கடை கியூ மாதிரி நிக்கறாங்க, பந்து திரும்பத் திரும்ப அவங்ககிட்டயே போகுது. கடைசி வரைக்கும் தாக்குப் புடிச்சுட்டு தோக்கறதுன்னா என்னன்னு அன்னிக்கு தெரிஞ்சுது, 1-0, அந்த ஒண்ணு 88வது நிமிஷம்.

டிஃபென்ஸிவ் கட்டளைய ரைட் பேக்குக்கு போட்டு பந்து பறிபோன அடுத்த சில நொடிங்க மட்டும் எண்ணினோம். மேல ஏறி ஆடற அஃபென்சிவ் ஃபுல் பேக் ஸ்டைல் இருக்கறவன் போடறதுக்கு முன்னாடி பந்து போகும்போது பெரும்பாலும் எதிராளி பாதில இருந்தான், போட்டதுக்கு அப்புறம் நடு கோட்டுக்கு இந்தப் பக்கம். அவ்ளோதான், சுத்தமா வேலை செய்யுது, பேசறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. செலவு என்னன்னா என் வலது பக்க அட்டாக் ஒத்தக் கைல தாளம் போடற மாதிரி ஆயிடுச்சு.

கவுன்டர் டார்கெட் எனக்கு புடிச்சது. இத யாரும் டிஃபென்ஸ் கட்டளையா பாக்கறதே இல்ல, சோம்பேறி ஃபார்வர்டுக்கு சலுகைன்னு நெனைக்கறாங்க. ஆனா என் ஃபார்வர்ட் மேலயே நின்னா மனுஷனா இருந்தாலும் சரி ஏஐயா இருந்தாலும் சரி எதிராளி சென்டர் பேக் ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னாடியே இருக்காங்க, அப்ப அவங்க டீம் ரெண்டா நீளுது, எறங்கி வர்ற சிஎஃப்க்கு பந்து குடுக்கறவன் தூரமாயிடறான். நான் ஒரு ஆள கொறச்சுட்டு டிஃபென்ஸ் பண்றேன், அவன் ரெண்டு ஆள கொறச்சுட்டு அட்டாக் பண்றான். கணக்கு மோசமில்ல. ஃபார்வர்டுக்கு வேகம் இருந்தாதான், நடக்கறவன போட்டா யாரும் பயப்பட மாட்டாங்க.

வேற கேம் ஆடறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஈஏ எஃப்சி 25லேர்ந்து பழைய தனித்தனி கட்டளையெல்லாம் எடுத்துட்டு எஃப்சி ஐக்யூன்னு ரோல் வெச்சுட்டாங்க, சிடிஎம்க்கு (நம்ம டிஎம்எஃப்தான்) சென்டர் ஹாஃப் ரோல் குடுத்தா அவன் ரெண்டு சென்டர் பேக்குக்கு நடுவுல எறங்கறான், ஹோல்டிங் குடுத்தா முன்னாடியே நிக்கறான். பேரு வேற, பேரம் அதேதான், எறங்கினா முன்னாடி காலி, நின்னா பின்னாடி காலி, கர்சர் சங்கதியும் அப்டியே பொருந்தும். ஃபுட்பால் மேனேஜர்ல அந்தத் தொல்லையே இல்ல, நாம யாரையும் ஓட்டறதில்ல, மேட்ச்சுக்கு முன்னாடி சேவ் பண்ணிட்டு அதே மேட்ச்ச திரும்பத் திரும்ப ஆட விடலாம், குறிப்பிட்ட ஆள மார்க் பண்ணச் சொல்லலாம், எந்தக் கால் பக்கம் தள்ளணும்னு கூட சொல்லலாம். டெஸ்ட் பண்ணணும்னே பொறந்தவங்க அங்க போகலாம். எனக்கு எதிர்ல உக்காந்து பல்ல இளிக்கற ஒருத்தன் வேணும்.

கடைசியா நாங்க வந்து நின்ன செட்டிங், டெஸ்ட்ராயர் டிஎம்எஃப் சிஎஃப் மேல மேன் மார்க்கிங், வேகமான ஃபார்வர்ட் கவுன்டர் டார்கெட், ரைட் பேக் டிஃபென்ஸிவ், நாலாவது எடம் காலி. மார்க் பண்ற ஆள் கர்சருக்கு தீட்டு, தொடவே மாட்டேன், நான் இன்னொரு மிட்ஃபீல்டர எடுத்துட்டு பாஸ் வர்ற வழிய அடைச்சிட்டு நிப்பேன். 70 நிமிஷம் வாக்குல டெஸ்ட்ராயரோட ஸ்டாமினா பார் தேஞ்சிருக்கும், அப்ப அவன மாத்தணும், மாத்தினா புதுசா வர்றவனுக்கு மார்க்கிங் போட்டிருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கணும், ஒரு மேட்ச் அதுலயே போச்சு.

போன சனிக்கிழமை இந்த செட்டிங்ல அவன் சிஎஃப் பந்த வாங்கித் திரும்பினது ஃபர்ஸ்ட் ஹாஃப் பூரா ரெண்டே தடவ. கடுப்பாகி பந்தெல்லாம் விங்குக்கு அடிச்சான், அதுல கார்னரா வந்துச்சு, கார்னர்ல ரெண்டு கோல் தலையால முட்டினான். எங்க பேப்பர்ல கார்னருக்கு கட்டமே போடல. பரோட்டா வாங்க நான்தான் போனேன்.